ஞாயிற்றுக்கிழமை பொட்டிக்கு லீவு

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் செல்போன் கடையில் ஒருவருக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது ரோஸியின் அழைப்பு வந்தது. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா. மண்டபத்துல கேமராவோடயே சாஞ்சிட்டாராம்" என்றாள். ஒட்டிய கார்டுக்கடியில் பெரிய காற்றுக்குமிழி நின்றுவிட்டது. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு போனார். கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனேன்.

ரோஸியின் கணவன் அருள்தாஸை உங்களில் பலர் குரலாக மட்டுமே அறிவீர்கள். எங்கள் யூடியூப் சேனலில் கணீரென்று பேசியவன் அவன். நடுநடுவே தும்மியவன் நான். ஒரே வீடியோ விளையாட்டை, டிவியில் மாட்டி ஆடும் இரண்டு கம்பெனிகளின் கன்சோல்களில் ஓட்டி, எதில் படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, எதில் திக்குகிறது என்று நொடி நொடியாகப் பிரித்துச் சொல்வோம். ஒரு கன்சோல் என் வீட்டில், இன்னொன்று அவன் வீட்டில். கடலூர்ப் பொட்டி, சிதம்பரம் பொட்டி என்றால் உங்களுக்கே தெரியும்.

பிசியையும், அதாவது கம்ப்யூட்டரையும், சேருங்கள் என்று நீங்கள் கேட்காத வாரம் கிடையாது. ஒருமுறை நானும் கேட்டேன். கல்யாண வீடியோ எடிட் செய்ய அவனிடம் யானை மாதிரி ஒரு பிசி இருந்ததே, அதில் ஓட்டினால் என்ன என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தான்.

"பொட்டின்னா கடலூர்லயும் அதான், சிதம்பரத்துலயும் அதான், பெண்ணாடத்துலயும் அதான் மச்சான். பிசி அப்படியா? அது கொழம்பு. வூட்டுக்கு வூடு வேற. எந்த வூட்டுக் கொழம்ப எடுத்து இதான் கொழம்புன்னு ஊருக்குச் சொல்லுவ?"

அன்றிலிருந்து எங்களுக்குள் பிசிக்குப் பெயரே கொழம்புதான். "கொழம்பு நம்ம எலையில வேணாம்" என்று வீடியோவுக்கு வீடியோ அவன் முழங்கியதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒப்பீட்டில் தோற்ற பொட்டிக்காரன் அடுத்த ஞாயிறு ஜெயித்தவன் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கடைசி இரண்டு வருடம் ஏறியது பெரும்பாலும் நான்தான். அவன் வீட்டில் டிவிக்குக் கீழே, ரோஸி தைத்த பூப்போட்ட உறைக்குள் சிதம்பரம் பொட்டி உட்கார்ந்திருக்கும். ஜெயித்த மகராசனை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்கலாமே என்று உறையை எடுக்கப் போனால் தடுப்பான். "ஞாயித்துக்கெழம பொட்டிக்கு லீவு மச்சான். வா, சாப்பிடலாம்." நானும் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போவேன்.

போன வருடம், மழையில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஒப்பிட்டோம். சிதம்பரம் பொட்டி ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை என்று சொன்னோம். நெல்லிக்குப்பத்திலிருந்து சுகுமார் என்பவர், சர்க்கரை ஆலையில் எடை போடுகிறவர், கீழே எழுதினார்: "சார், எங்க வீட்லயும் அதே பொட்டிதான். மழை வந்தாலே திக்குது. உங்க வீடியோவுல ஒரு எடத்துல ஓரமா மவுஸ் அம்புக்குறி தெரியுது. கன்சோல்ல ஏது மவுஸ்?"

அருளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "ரெக்கார்டு பண்ற சாப்ட்வேர்ல ஒட்டிக்கின அம்புடா. அவரு பொட்டில தூசி ஜாஸ்தியா இருக்கும், தொடச்சிட்டு ஓட்டச் சொல்லு."

தூசியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "கரும்பு லாரியை எடை போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றும் சேர்த்து எழுதினேன். உங்களில் எத்தனையோ பேர் அதற்குச் சிரித்தீர்கள். அவர் மறுபடி எழுத, இனி அவர் எழுதவே முடியாதபடி தடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அதில் பெருமை வேறு.

அடக்கம் முடிந்த மறுவாரம் ரோஸி கூப்பிட்டாள். பொட்டியை உறையோடு என் கையில் கொடுத்தாள். "நீங்களே எடுத்துக்குங்கண்ணா. போர்டு போச்சின்னு ரிப்பேர்காரரு அப்பவே சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமா சும்மாதான கெடக்குது."

"எத்தினி வருஷமா?"

"ரெண்டு வருஷமா. ஏண்ணா, உங்களுக்குத் தெரியாதா?"

அவனுடைய பிசியைத் திறந்தேன். ஒரு கல்யாண வீட்டார் கேட்ட வீடியோவை எடுத்துத் தரச் சொல்லியிருந்தாள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு போல்டர் இருந்தது. பெயர்: கொழம்பு. உள்ளே, சிதம்பரம் பொட்டி என்று எனக்கு அனுப்பிய இரண்டு வருட வீடியோக்களும் வரிசையாக இருந்தன. எல்லாம் பிசியில் ஓட்டியவை. கன்சோலில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியட்டும் என்று கண்ணளவில் தரத்தைக் குறைத்து ஓட்டியிருக்கிறான். மழையில் கன்சோல் திக்குமே, அந்தத் திக்கலை மட்டும் பிசியில் வரவழைக்கத் தெரியவில்லை.

"அடப்பாவி" என்றேன், மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்த அவன் படத்தைப் பார்த்து. ரோஸி திடுக்கிட்டுப்போனாள். விஷயத்தைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லணும் சொல்லணும்னுதாண்ணா இருந்தாரு. பிசி வேணாம்னு கத்துனவனே நானு, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றதுன்னு மட்டும் ஒருநா சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

எந்த மூஞ்சியா? என்னிடம் காட்ட அவனுக்கு ஒரு மூஞ்சி இல்லையா? "பொட்டி செத்துப்போச்சி மச்சான்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால், ஒப்பீட்டில் பிசி என்றே பெயர் போட்டு ஓட்டியிருப்போம். பிசியைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற இத்தனை வருடச் சண்டை அந்த நிமிடமே தீர்ந்திருக்கும். பிசி ஒப்பீட்டில் வரலாம். தன் பெயரோடு வர வேண்டும், அவ்வளவுதான். என்னைப் பஸ் ஏற்றி வரவழைத்து, செத்த பொட்டிக்கு எதிரே உட்கார வைத்து, மீன் குழம்பு ஊற்றினானே, அதுதான் ஆறவில்லை. இறந்தவனைப் பற்றி நல்லதே எழுத வேண்டும் என்கிறார்கள். என்னால் முடிந்தது இதுதான்.

அந்த வீடியோக்களை எல்லாம் சேனலிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு சுகுமாரைத் தேடிப் பிடித்து, நெல்லிக்குப்பம் போய், ஆலை வாசலில் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எம் பொட்டில தூசி இல்லியா சார்?"

"இல்லீங்க."

"பதினஞ்சி தடவ தொடச்சேன் சார்."

எனக்குத் தலை நிமிரவில்லை. இனிமேல் சிதம்பரம் பொட்டியின் இடத்தில் நெல்லிக்குப்பம் பொட்டி வரும், அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்றாவதாகப் பிசியும் வரும். திரையில் அதன் கட்டத்துக்கு மேலே கொழம்பு என்று போட்டிருக்கிறேன். அந்த வார்த்தை அருளுடையது. அதை விட மனம் வரவில்லை.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. பூப்போட்ட உறையோடு அவன் பொட்டி என் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் உறையை எடுக்கப் போனால் நான் தடுப்பதில்லை. எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். இது ஓடாது, இது என் நண்பனுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.