மூன்றாவது குழாயில் ரோஸ் காகிதம்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்து வாசியுங்கள்.

நேற்று மகனுடைய கார் குலுங்கியது. மெக்கானிக் வந்து சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகி, "மூணாவது இஞ்செக்டருக்குக் கரண்ட் போகல" என்று திரையைக் காட்டினார். வயரைத் தொட்டுக்கொண்டே போய், எலி கடித்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினார். அவர் கையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. மூன்றாவது என்று கேட்டதுமே எனக்கு டீசல் வாடை மூக்கில் ஏறிவிட்டது.

அறுபதுகளில் விருதுநகரில் லாரி மெக்கானிக்காக இருந்தேன். எங்களுக்குப் பெட்டி ஏது? இஞ்சினை ஓடவிட்டு, டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் வரும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவோம். சத்தம் மாறினால் அந்த இஞ்செக்டர் நன்றாக இருக்கிறது. மாறாவிட்டால் கோளாறு அங்கேதான். நாலு பேர் முன்னால் பேச்சு வராத எனக்கு ஏற்ற வேலை. காது இருந்தால் போதும்.

ஒரு தீபாவளி சீசனில், தாயில்பட்டி வெடி கம்பெனிக்கு லோடு ஏற்றப் போன லாரி குலுங்குகிறது என்று என்னைக் கூட்டிப்போனார்கள். முந்தின நாள் அதன் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவன் நான்தான். டிரைவர் சங்கையா அண்ணாச்சி, என்னைக் கண்டால் தன் வடையில் பாதியைப் பிய்த்துத் தருகிறவர். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நின்ற லாரியின் முன் அவரை லாரி முதலாளி வறுத்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்துக் கிடந்தது.

"டீசல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்திருக்கீரு. அதான் இந்தக் குலுக்கு குலுக்குது."

"ஊத்தல மொதலாளி. நேத்து கழட்டி மாட்டுனதுல இருந்துதான் இப்படி."

"இஞ்சின் நின்னாலும் ஒம்ம வாய் நிக்காதே!"

மூன்றாவது நட்டைத் தளர்த்தியபோது சத்தம் மாறவில்லை. இஞ்சினை நிறுத்திக் குழாயைக் கழற்றினேன். இஞ்செக்டரின் வாயில் ரோஸ் காகிதம். வெடி சுற்றி மிஞ்சிய அந்தக் காகிதம்தான் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும்: வடை மடிக்க, கை துடைக்க, காது குடைய. கழற்றிய வாயில் தூசி விழாமல் இருக்க அதையே உருட்டி அடைப்பேன். ஒன்றை எடுக்க மறந்திருக்கிறேன்.

நோண்டி எடுத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன். குழாயை மாட்டினேன். இஞ்சின் சீராக ஓடியது.

"என்னலே, மண்ணெண்ணெய்க் கசடுதானே அடைச்சிருந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். தலையை ஆட்டினேன்.

"நல்லாப் பாத்தியா தம்பி?" என்றார் அண்ணாச்சி. அதற்கும் ஆட்டினேன். முதலாளி அவரிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வெடி கம்பெனிக்குள் இஞ்சினைப் போடக்கூடாது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஆள் தள்ளித்தான். லோடு ஏறியதும் வேறொருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பெட்டி கட்டும் பெண்களெல்லாம் கை வைத்தார்கள். அண்ணாச்சியும் தோள் கொடுத்தார்.

"அமுக்கித் தள்ளுங்க தாயி, மழ வந்துரும். அம்புட்டும் நனைஞ்சிரும்" என்றார்.

ரோட்டுக்கு வந்ததும் லாரி கிளம்பியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாத்தூர் பக்கம் நடந்தார்.

நான் வேலை பார்த்த ஷெட் இப்போது இல்லை. நட்டைத் தளர்த்திக் காது கொடுப்பவரும் இல்லை. அண்ணாச்சி இறந்துபோனதாகக் கேள்வி. நேற்று கோளாறைத் திரையில் எல்லோரும் பார்த்தோம். அன்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சங்கையா அண்ணாச்சி மண்ணெண்ணெய் ஊற்றவில்லை. காகிதம் என்னுடையது. இதை எழுதியது ஐப்பசி நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை.