முந்தி அடிக்கும் இனம்

கோவர்த்தனனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "பாவம்பா, தங்கமான பையன்" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தங்கமான பையன் என்ன செய்துவைத்தான் என்று எனக்கல்லவா தெரியும்! புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், பெயர் ஹரிபாபு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் ஒதுங்குகிற இடம் என் கடைதான். அவன் கதையை அவனே சொன்னால் முக்கால்வாசி பெருமூச்சாகத்தான் இருக்கும். அதனால் நான் சொல்கிறேன்.

ஊர் நாராயணவனம். அம்மாவும் அப்பாவும் சின்ன வயதிலேயே போய்விட, அக்கா சந்திரம்மாதான் எடுத்து வளர்த்தாள். கட்டிக்கொண்டவளோடு அவள் தம்பியும் வந்து சேர்ந்தானே என்று அவள் புருஷன் கமலக்கண்ணன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேர்க்கடலையும் கொஞ்சம் மாந்தோப்பும் வைத்திருக்கிற மனிதர். அவர்களுக்கு ஒரே மகள், யாமினி. கோவர்த்தனன் திருப்பதிப் பக்கம் செல்போனுக்கு உறுப்புகள் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். கையில் உறை, தலையில் தொப்பி, நாள் முழுக்க ஒரே திருகாணி. மேஸ்திரி ஏதாவது சொன்னால் தலையாட்டுவான், அக்கா சொன்னாலும் தலையாட்டுவான். அவன் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

ஆனால் கையில் அந்த ஆட்டம் இருந்தால் வேறு ஆள். ஆட்டத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். காட்டில் திரிகிற விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, கண்காணாத தேசத்து ஆட்களின் விலங்குகளோடு சண்டை விடுகிற ஆட்டம். பார்வைக்கு எல்லா நரியும் ஒன்றுதான். உள்ளே மூன்று எண்கள் உண்டு: உயிர், பலம், வேகம். ஒரு நரிக்கு வேகம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றுக்குப் பலம், மற்றொன்றுக்கு உயிர். இதைத்தான் பிரீடு என்கிறார்கள். பிடிக்கிற நொடியில் எது அமைந்ததோ அதுதான். தலைகீழாக நின்றாலும் பிறகு மாற்ற முடியாது. குட்டியாக இருக்கும்போது வித்தியாசமும் சரியாகத் தெரியாது. மாதக்கணக்கில் வளர்த்து ஆளாக்கிய பிறகு, "ஐயோ, இது சொத்தையாச்சே" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கோவர்த்தனனுக்குக் குட்டியிலேயே தெரியும். பிடித்த இடத்தையும் அப்போது அது காட்டிய எண்களையும் வைத்து மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவான். புத்தலப்பட்டிலிருந்தும் காளஹஸ்தியிலிருந்தும் பசங்கள் குரூப்பில் படம் அனுப்புவார்கள். இவன் பஸ்ஸில் நின்றுகொண்டே "வெச்சுக்கோ" அல்லது "உட்டுடு" என்று பதில் போடுவான். எதிர்ப்பேச்சே இருக்காது. வீட்டில் குழம்புக்கு உப்பு போதவில்லை என்று சொல்ல வாய் வராதவன் அங்கே கலெக்டர் மாதிரி உத்தரவு போடுவான்.

எதற்குமே பலம்தானே முக்கியம் என்று நான் ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவனுக்கு வந்ததே கோபம்!

"யோவ் ஹரி, ஆமைக்கு இன்னாத்துக்கு வேகம்? அது எப்பிடியும் கடைசிலதான் போவும். அதுக்குத்தான் பலம் வேணும், ஏன்னா காயத்த ஆத்திக்கிற வித்தை பலத்த வெச்சுத்தான் கீது. நரிக்கு வேகம் வேணும். மொதல்ல கடிச்சா கடி டபுள். லேட்டா கடிச்சா கொசு கடிச்ச மாதிரி. ஆனா ஒண்ணு, நூத்துக்குத் தொண்ணூறு சண்டைல மொத அடி எவன் அடிக்கிறானோ அவனுக்குத்தான் ஜெயிப்பு."

இந்தக் கடைசிப் பேச்சை யாமினி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் அவன் விலங்கைப் பொறுக்குவான், இவள் சண்டை விடுவாள். இவளுக்கு உயிர் தூக்கலான இனங்கள்தான் பிடிக்கும். எதிராளி அடித்து அடித்துக் களைத்துப்போகும் வரை இழுத்துக்கொண்டே இருப்பாள். "மாமா, உனுக்கு அவசரம். அவசரக்காரனுக்கு நரி, எனுக்கு வேணாம்" என்பாள். லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே விளையாடுவார்கள். கூடப் பிறந்தவர்களைப் போல அப்படி ஒரு சண்டை.

ஊர் அப்படியா பார்க்கும்? எங்கள் பக்கத்தில் அக்கா மகள் என்றால் தாய்மாமனுக்கு முறை. பெண்ணுக்கு மாமன் ஒருத்தன் கல்யாணம் ஆகாமல் இருந்தால், அவனைக் கேட்காமல் வேறு யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். "மாமனும் பொண்ணும் எப்பிடி ஒட்டிக்கினு கீதுங்க பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். சந்திரம்மாவுக்கு அந்தச் சிரிப்பு தேனாக இனித்தது. வளர்த்த தம்பியும் வீட்டைவிட்டுப் போக மாட்டான், பெற்ற மகளும் போக மாட்டாள். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பாசத்தில்தான் செய்தாள். இரண்டு பேரில் ஒருத்தரையாவது கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் யாமினிக்கு ஒரு வேலை கிடைத்தது. ஹைதராபாத்தில் விளையாட்டு செய்கிற ஒரு சின்ன கம்பெனி. புதிதாக உண்டாக்குகிற விலங்குகளில் எது மிஞ்சிப் போகிறது, எது சொத்தையாக நிற்கிறது என்று ஆடி ஆடிச் சோதித்து எண்களைச் சரிசெய்கிற வேலை. பரீட்சை முடிந்து ஜூனில் சேர வேண்டும். அவள் அதை மாமனிடம் மட்டும்தான் சொன்னாள். அன்றைக்கு என் கடைக்கு வந்தவனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தனக்கே வேலை கிடைத்ததுபோல் எனக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தான். "எங்க ஊட்டுல ஒருத்தியாவது வெளிய போறாடா" என்றான். அவன் எத்தனை வருஷமாக மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வாரமே சந்திரம்மா தாம்பூலம் மாற்ற நாள் குறித்துவிட்டாள். இப்போதைக்குத் தாம்பூலம், கல்யாணம் ஆவணியில். கோவர்த்தனன் இடிந்துபோய் யாமினிக்குப் போன் போட்டான். அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீ ஒண்ணும் பேசாத மாமா. தலையாட்டிட்டு கம்முனு இரு. மீதிய நான் பாத்துக்கறேன்." மேலே கேட்பதற்குள் ஹாஸ்டலில் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

இதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் தெரியுமா? பாவம் பெண், அம்மாவுக்குப் பயந்து, வளர்ந்த வீட்டுக்குக் கடன்பட்டு, வேலையையும் விட்டுவிட்டுத் தன்னையே கட்டிக்கொள்ளத் துணிந்துவிட்டாள் என்று. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான்.

"அவள நான் தூக்கி வளத்தவன்டா. அவ கழுத்துல நான் எப்பிடிடா தாலி கட்டுவேன்? எனுக்காக அவ வேலைய உட்டுட்டு அங்க கடலக்கா உரிச்சுக்கினு கெடக்கணுமா?"

"சரி, அக்காகிட்ட தனியா சொல்லிப் பாரு" என்றேன்.

"தனியா சொன்னா அழுது என்ன மடக்கிடும். நாலு பேர் எதிர்ல சொல்லணும். அவங்க தட்டத் தூக்கறதுக்கு முன்னாடி சொல்லணும். மொத அடி நம்மளுதா இருக்கணும்."

சொன்னபடியே செய்தான். உறவுக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கமலக்கண்ணன் வெற்றிலைத் தட்டில் கைவைக்கப் போகிறார். அதுவரை வாயே திறக்காதவன் எழுந்து நின்று, "மாமா, எனுக்கு இந்தக் கல்யாணம் வேணாம். யாமினிய நான் கட்டிக்க மாட்டேன்" என்றான். குரல்கூட நடுங்கவில்லை. யாமினி தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதை நன்றி என்று இந்த மடையன் நினைத்துக்கொண்டான்.

சந்திரம்மா கத்தவில்லை. "உனுக்குப் பால் சோறு ஊட்டின கைடா இது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கத்தித் தொலைத்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை சொன்னான். அன்றே துணிமணிகளை எடுத்துக்கொண்டு திருப்பதியில் கம்பெனிப் பசங்களோடு ஓர் அறையில் போய் ஒண்டிக்கொண்டான். துக்கமாகத்தான் இருந்தான், ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு. "போவட்டும்டா ஹரி, அக்கா பேசாட்டி பரவால்ல. அவ தப்பிச்சா" என்றான். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது.

தப்பித்தாளா? மாமன் வேண்டாம் என்று சபையில் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும்? "சொந்த மாமனே வேணாம்னுட்டானாமே, பொண்ணுகிட்ட இன்னா கொறையோ" என்று தண்ணீர்க் குழாயடியிலேயே ஆரம்பித்துவிட்டது. சந்திரம்மா சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். பேச்சு பரவுவதற்குள் பெண்ணை ஒரு இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று கமலக்கண்ணன் அலைந்தார். மாமன் விலகிக்கொண்டான் என்ற செய்தி பரவியதும் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு வரன் தானாக வந்தது. பையன் சீனு, உரக்கடை வைத்திருக்கிறான். குடி கிடையாது, மரியாதையான பேச்சு. பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம் என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. மோசமானவனாக இருந்தாலாவது சண்டை போடலாம். நல்லவனை என்ன சொல்லி வேண்டாம் என்பது? ஒப்புத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. கல்யாணம் மே மாதம், பரீட்சை முடிந்த கையோடு.

சேதி கேட்டதும் கோவர்த்தனன் லீவு போட்டு ஓடினான். அக்கா வீட்டு வாசலில் நின்று, "தப்பு பண்ணிட்டேன் மாமா, நானே கட்டிக்கறேன்" என்றான். கமலக்கண்ணன் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அவங்களுக்கு வாக்கு குடுத்தாச்சு கோவர்த்தனா. நீ வேணாம்னத ஊரே கேட்டுச்சு. மறுபடியும் மாத்திப் பேசினா எம் பொண்ணு இன்னா பந்தா? உதச்சு வெளையாடறதுக்கு?" என்றார். அவன் தண்ணீரைக் குடிக்காமலேயே எழுந்து வந்தான்.

யாமினி பரீட்சைக்காக ஹாஸ்டலில் இருந்தாள். அவன் போய் வாசல் கேட்டுக்கு வெளியே காத்திருந்தான். அவள் வந்ததும் வராததுமாகப் பொரிந்து தள்ளிவிட்டாள். இதை அவன் என்னிடம் சொன்னபோது ஒரு வார்த்தைகூட விட்டுவிடவில்லை. அவனுக்கு மறக்கவே மறக்காது.

"உன்ன கம்முனு இருன்னுதான மாமா சொன்னேன்? நான் இன்னா கேட்டேன் உன்ன? நீ தலையாட்டினு இருந்திருந்தா ஒருத்தன் எங்க ஊட்டு வாசலுக்கு வந்திருப்பானா? ஆவணிக்குள்ள ஜூன் வருது. கட்டிக்கப் போற மாமனே வேலைக்கு அனுப்பறான்னா நைனா தடுக்குமா, அம்மா தடுக்குமா? அங்க போயிட்டு அடுத்த தை, அடுத்த ஆவணின்னு இழுத்துக்கினே போயிருப்பேன். என் கால்ல நான் நின்னதும் ரெண்டு பேருமா சேர்ந்து வேணாம்னு சொல்லியிருக்கலாம். எனுக்கு இருந்த ஒரே வேலி நீதான் மாமா. அத நீயே பிச்சுப் போட்டுட்ட."

"இத அன்னைக்கே போன்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரூம்ல அஞ்சு பேர் இருந்தாங்க. எப்பிடிச் சொல்றது? உனுக்குப் புரியும்னு நெனச்சேன்."

ஓடிப்போயிருக்கலாமே என்று என் கடைக்கு வருகிற படித்த தம்பி ஒருவன் கேட்டான். கேட்பது சுலபம். அம்மா படுத்த படுக்கை, அப்பா தலைகுனிந்து நடக்கிறார், சின்ன ஊர். அவள் அந்தக் கம்பெனிக்குத் தானே போன் செய்து, வர முடியாது என்று சொல்லிவிட்டாளாம். அவர்கள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார்களாம்.

கல்யாணம் நாராயணவனத்திலேயே, கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். நானும் போயிருந்தேன். கோவர்த்தனன் ஒரு தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றிருந்தான். சந்திரம்மா மண்டபம் முழுக்கத் தேடிக்கொண்டு வந்தாள். அத்தனை மாதம் கழித்து அப்போதுதான் அவனோடு பேசினாள்.

"வா. உன் வேலை பாக்கி கீது" என்றாள்.

மறந்தே போயிருந்தான். எங்கள் பக்கத்தில் மணப்பெண் மணமேடைக்கு நடந்து போகக் கூடாது. மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெண்ணுக்கு இருப்பது ஒரே மாமன். மறுபக்கம் பிடிக்கப் பங்காளி ஒருவர் வந்து நின்றார். யாமினி மஞ்சள் புடவையில், நெற்றியில் கல்யாணப் பட்டமான பாசிகமும் கையில் தேங்காயுமாகக் கூடைக்குள் காலை மடக்கி உட்கார்ந்தாள். இவன் குனிந்து கூடையைப் பிடித்தான். மேளம் காதைக் கிழித்தது. எல்லோரும் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூடையைத் தூக்கியபோது அவள் வாய் அவன் காதருகே வந்தது. திட்டுவாள் என்று நினைத்தானாம்.

"மெதுவா நட மாமா" என்றாள்.

அவன் மெதுவாகத்தான் நடந்தான். பின்னால் இருந்தவர்கள் நேரம் ஆகிறது, நேரம் ஆகிறது என்று தள்ளினார்கள். மண்டபம் சின்னது.