பழைய கடையில் தைத்தவர்

ஹட்டனில் நான் நடத்தும் கணினிக் கடைக்கு ஒரு தையல்கார அக்கா வந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் தொங்கும் அளவு நாடா. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். எதிரே இருப்பவரின் சட்டைத் தையலைத்தான் பார்ப்பார்.

டவுனில் ஒரு பெரிய தையல் கடையில் பல வருஷம் வேலை செய்தவர். ஒரு பட்டுத்துணி காணாமல் போனபோது, முதலாளியம்மா வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவரைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். மறுநாளே துணி அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் வீட்டிலேயே சொந்தமாகத் தைக்கிறார். விளம்பரம் போட வேண்டும் என்றார்.

"டிக்டொக்ல போடுவோம்க்கா, நெறையப் பேர் பாப்பாங்க," என்றேன்.

"நெறையப் பேர் வேணாம் தம்பி. அன்னைக்கு அந்தக் கடையில நின்னவங்க எதைப் பாக்குறாங்க?"

அவர்கள் கல்யாணப் பெண்களின் அம்மாமார். பேஸ்புக்தான் பார்ப்பார்கள். அங்கேயே பக்கம் திறந்தோம். ஒவ்வொரு பிளவுஸ் படத்துக்குக் கீழும் ஒரே வரியைப் போடச் சொன்னார்: "பழைய கடையில் உங்களுக்குத் தைத்ததும் நான்தான்."

சில மாதங்களில் அந்த அம்மாமார் தோட்டத்துப் பாதையில் ஏறி அவர் வீட்டுக்கே வந்தார்கள். பிறகு ஒருநாள் முதலாளியம்மாவிடமிருந்து அந்தப் பேஸ்புக் பக்கத்துக்குச் செய்தி வந்தது: "நடந்ததை மறந்துட்டு வேலைக்கு வாம்மா."

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "என்ன பதில் போட?"

"நாம பாத்துட்டோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப பதில் வேணாம். காத்துக்கிட்டு இருக்கட்டும்."

அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். என்னிடம் ஒருநாளும் கடிந்து பேசாதவர். ஆனாலும் அவர் தரும் விளம்பர வேலையை மட்டும் சொன்ன நாளுக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிடுகிறேன்.