இறக்கைத் துணியில் வைத்த மஞ்சள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை பார்த்து நாலு பேர் சிரிப்பார்களே என்பது ஒரு தயக்கம். நடந்ததை நடந்தபடி எழுதினால் என்னைப் பற்றி ஊர் நினைத்திருப்பது மாறிவிடுமே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் பெரிது. இன்று வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு அவள் முன்னாலேயே உட்கார்ந்து ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்கு ராயபுரம். காசிமேட்டில் வலை பின்னுவதும், கிழிந்த வலையைத் தைத்துக் கொடுப்பதும் பிழைப்பு. மீஞ்சூர்ப் பக்கம் பழைய போர் விமானங்களை வைத்து ஒரு சின்ன மியூசியம் நடத்துகிற சாமுவேல் சார் ஒருநாள் எங்கள் வலைக் கொட்டகைக்கு வந்தார். தெற்கத்திக் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் முடிச்சுப் போடுவதை அரை மணி நேரம் நின்று பார்த்தார்.

"இந்த முடிச்சுதாம்மா எனக்கு வேணும். ஏரோப்ளேன் இறக்கைக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இன்னா சார், ஏரோப்ளேனை வலை போட்டா புடிக்கப் போறீங்கோ?"

"பிடிச்சாச்சு. தைக்கத்தான் ஆள் இல்ல."

முதல் நாள், காலை 6.50. ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். மீஞ்சூருக்குப் பத்து ரூபாய் டிக்கெட். எதிரில் காலி இறால் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போற?"

"ஏரோப்ளேன் தைக்க."

"த்தோடா! காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் திருவொற்றியூர் வரைக்கும் என்னைப் பார்க்கவே இல்லை.

எண்ணூர் தாண்டியதும் வெளியே எல்லாம் மாறிப்போனது. கழிமுகத் தண்ணீர் மேல் வெள்ளைப் பனி படுத்திருந்தது. அதற்கு மேல் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மட்டும் நின்றன, கீழே தரையே இல்லாதது போல. ஒரு படகு போனது. தண்ணீரில் போகிறதா பனியில் போகிறதா என்று தெரியவில்லை. அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் தலையைத் திருப்பிப் பார்த்தேன் போலிருக்கிறது.

7.35. மீஞ்சூர். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"பிளேன் கொட்டாயா?" என்றான் டிரைவர். "உள்ள போவ முப்பது ரூபா டிக்கெட்டு. பறக்காததுக்கே முப்பதுன்னா, பறந்தா இன்னா கேப்பாங்கோ?"

பழைய கிடங்கு ஒன்றைத்தான் மியூசியமாக்கியிருந்தார்கள். முன்பக்கம் ஒரு ஜெட் விமானத்தின் மூக்கு, பிளந்து வைத்த ஒரு என்ஜின், ஆள் உயரத்துக்கு மர விசிறி. தகரத் தடுப்புக்குப் பின்னால்தான் வேலை. அங்கே அதைப் பார்த்தேன். துணியில்லாமல் வெறும் மரச்சட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகளோடு நின்றது. பெரிய மீனைச் சாப்பிட்டு முள்ளை மட்டும் அப்படியே எடுத்து வைத்தது போல இருந்தது. சுதந்திரத்துக்கு முன்னால் பட்டாளத்துப் பையன்கள் பறக்கப் பழகிய விமானமாம். எங்கோ ஒரு கல்லூரியின் சாமான் அறையில் கிடந்திருக்கிறது. இந்த வகையில் இப்போது மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம் என்றார் சார்.

கீழே உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவர் தயாளன், புளியந்தோப்புக்காரர், பெயின்டர். லாரிக்கும் கன்டெய்னருக்கும் பூசிய கை.

"வா யக்கா. நீ தச்சிக் குடு, நான் பூசிக் குடுக்கறேன். சார் ஏறிப் போயி ஆண்டவர பாத்துட்டு வந்துரட்டும்."

"ஆண்டவர நான் கோயில்லயே பாத்துக்குவேன், நீ வேலையப் பாருல" என்றார் சார்.

துணி கப்பலில் வந்தது, ஒரே ஒரு சுருள். வெள்ளை வெளேரென்று கஞ்சி வாசனையோடு இருந்தது. புதுத் துணி என்றால் எங்கள் வீட்டில் மூலையில் மஞ்சள் வைக்காமல் எடுக்க மாட்டோம். குழந்தைச் சட்டையானாலும் சரி, தலையணை உறையானாலும் சரி. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, கையோடு கொண்டுபோயிருந்த மஞ்சளைக் குழைத்து, இறக்கை நுனியில் உள்பக்கமாக மடிந்து போகிற மூலையில் மூன்று விரலால் வைத்தேன். இதில் ஏறப்போகிறவன் நல்லபடியாக இறங்க வேண்டும் தாயே என்று வேண்டினேன். ஆட்டோக்காரன் சொன்னதைக் கேலி என்று விட்டிருந்தேன், அது இனிமேல் பறக்காது என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதினேழு நாள் தைத்தோம். நீள ஊசியை மேலிருந்து நான் இறக்குவேன், இறக்கைக்கு அடியில் படுத்திருக்கும் தயாளன் அதைப் பிடித்துச் சட்டத்துக்கு அந்தப் பக்கமாகத் திருப்பி அனுப்புவார், நான் முடிச்சுப் போடுவேன். நான்கு விரல் அகலத்துக்கு ஒன்று. வலைக் கண்ணிக்குப் போடுகிற அதே முடிச்சு. கூரை ஓட்டைகளின் வழியாக வருகிற வெயில் துணியில் விழுந்து இறக்கை முழுக்க உள்ளேயிருந்து விளக்கு வைத்தது போல ஆகிவிடும். அடியில் தயாளனின் முகம் நிழலாகத் தெரியும். அவர் பேசுவது துணியே பேசுவது போல வரும். "யக்கா, தூங்கிட்டியா? ஊசி எங்க?" என்று துணி கேட்கும். சில மத்தியானங்களில் கிடங்கு மெல்ல ஆடுவது போலவே எனக்கு இருக்கும், கடலில் இருப்பது மாதிரி. அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

தைத்து முடித்த பிறகு டோப் என்று ஒன்றைப் பூசுவார்கள். நெயில் பாலிஷ் வாசனை வரும். காயக் காயத் துணி இழுத்துக்கொண்டு பறை மாதிரி விறைக்கும். அதுவும், அதை இளக்கக் கலக்கும் தின்னரும் இருக்கும் டப்பாக்கள் பூட்டிய அலமாரியில். சாவி தயாளனிடம்.

பத்தொன்பதாம் நாள், மத்தியானம் 2.30. முதல் பூச்சு. பக்கத்தில் நான் வால் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். இறக்கை நுனியில் மஞ்சளாக ஒரு கறை ஊறியது. உள்ளங்கை அளவு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை நீளத்துக்கு ஓடியது.

சார் முகம் கறுத்துவிட்டது. டப்பாவை முகர்ந்துவிட்டுத் தயாளன் பக்கம் திரும்பினார். "நல்ல தின்னரை வெளிய வித்துட்டு மட்டமானத ஊத்திருக்க. இந்தப் பூச்சு துணிய அரிச்சிரும். மொத்தத்தையும் அறுத்து எடுக்கணும்."

"இன்னா சார் சொல்ற?" தயாளன் எழுந்துவிட்டார். "நான் லாரிக்கே கலந்து பூசுனவன் இல்ல. சாவி எங்கைல கீதுன்னா நான் திருடனா?"

பக்கத்தில் இரண்டு பிட்டர்களும், டிக்கெட் கொடுக்கிறவரும், காவலாளியும் வந்து நின்றுவிட்டார்கள். தயாளன் என்னைப் பார்த்தார்.

"யக்கா, நீ சொல்லு. பதினேழு நாளா கூடவே இருந்தியே."

கறை ஆரம்பித்த இடத்தில் மூன்று விரல் பதிந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வாயைத் திறந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். படிக்காதவளைக் கூட்டிவந்தால் இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அன்று காலையில்தான் வந்திருந்தவர்களிடம் சார் என் முடிச்சைக் காட்டிப் பெருமையாகப் பேசியிருந்தார். கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தயாளன் பிரஷ்ஷைத் தரையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். சாவியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாளைக் காலை பத்து மணிக்குத் துணியை அறுக்கலாம் என்று சார் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றினேன். மஞ்சள் கிண்ணத்தைத் தொட முடியவில்லை.

மறுநாள், காலை 8.20. அடுத்த கும்மிடிப்பூண்டி வண்டி, அதே பத்து ரூபாய். பத்து மணிக்குள் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அத்திப்பட்டுக்கு முன்னால் நிலக்கரி கூட்ஸ் வண்டிக்கு வழிவிட்டு எங்களை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம். பனி இல்லை, சாம்பல் நிறத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மீஞ்சூரில் இறங்கி ஆட்டோவில் நான் ஒருத்தியாகவே ஏறினேன்.

"ஆளு சேரட்டும்கா."

"எல்லா சீட்டுக்கும் நானே குடுக்கறேன், எடு."

"பிளேனு கெளம்பிரப் போவுதா இன்னா?" என்றான். ஆனால் எடுத்தான்.

10.10. சார் பிளேடை வைத்து ஒரு கை நீளம் அறுத்துவிட்டிருந்தார். விறைத்த துணி இரண்டு பக்கமும் சுருண்டு நின்றது.

"நிறுத்துங்க சார்! அது மஞ்ச. நான் வச்ச மஞ்ச."

அவருக்குப் புரியவில்லை. முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளைக் குழைத்து மிச்சத் துணியில் மூன்று விரலால் வைத்தேன். அதே டப்பாவிலிருந்து டோப் எடுத்து மேலே பூசச் சொன்னேன். பூசினார். மஞ்சள் ஓடியது. மஞ்சள் வைக்காத இன்னொரு துண்டிலும் பூசிப் பார்த்தார். அது வெள்ளையாகவே காய்ந்தது.

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏம்மா நேத்தே சொல்லல?"

"பயம் சார்."

"துணி தப்பிச்சிட்டு. நான் அந்த மனுசனை என்னல்லாம் பேசிட்டேன்" என்றார். எழுந்து செருப்பை மாட்டினார். "எங்க இருக்கு அவர் வீடு?"

பகல் 11.40. சென்ட்ரல் போகும் வண்டியில் இரண்டு பேரும் பேசின் பிரிட்ஜில் இறங்கினோம். அங்கிருந்து புளியந்தோப்பு ஒன்றரை கிலோமீட்டர், நடந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. தயாளன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா யக்கா, ஏரோப்ளேன்லயா வந்த?"

மஞ்சள் வைத்ததை நான் சொன்னேன். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மன்னிப்புக் கேட்டார்.

தயாளன் கையை இழுத்துக்கொண்டார். "காதுல சொல்லாத சார். அங்க நாலு பேரு எதிர்ல திருடன்னு கத்துன. அந்த பிட்டரு நேத்தே எல்லா பெயின்ட் கடைக்கும் போன் போட்டு சொல்லிட்டான். இங்க ஒரு வராண்டாவுல இருவது வூடு கீது. எல்லாருக்கும் கேக்கறா மாதிரி சொல்லு."

சார் சொன்னார், உரக்க. கதவுகள் திறந்தன. பிறகு தயாளன் என் பக்கம் திரும்பினார். "நீயும் முழுசா சொல்லு. மஞ்ச வச்சத மட்டும் சொல்லாத. நான் கேட்டப்போ வாய மூடிகினு நின்னியே, அதையும் சொல்லு."

சொன்னேன். அந்த வராண்டாவில் நின்ற மாதிரி நான் எந்தச் சன்னிதியிலும் நின்றதில்லை.

மூன்று நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். அறுத்த இடத்தில் நான் ஒட்டுத் தைத்தேன். அவர் வெள்ளிப் பூச்சும் அதன் மேல் வண்ணமும் பூசினார். கறை மறைந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. மியூசியத்துக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற தம்பி இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட்டார். வலை பின்னும் ஒரு அம்மா பக்தியோடு மஞ்சள் வைத்தாராம், அந்த மஞ்சள்தான் இந்த விமானத்தை அழிவிலிருந்து காப்பாற்றியதாம். கேட்டவர்கள் இறக்கையைக் கும்பிடுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் என்னையும் கும்பிடுவார்கள். நானும் நான்கு வருடமாகச் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

போன மாதம் போனபோது தயாளனும் மனைவியோடு, முப்பது முப்பது ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தின் பின்னால் நின்று முழுவதையும் கேட்டார். தன் வீட்டம்மாவிடம், "நான் பூசினது இது" என்று மட்டும் இறக்கையைக் காட்டினார். வெளியே போகும்போது என்னிடம், "நல்லா கீதுக்கா கதை. நம்ம பேருதான் காணோம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பும் வண்டியில் எண்ணூர்த் தண்ணீர் மேல் சாயங்கால வெளிச்சம் பரவி அழகாக இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் மீஞ்சூர் போகலாம், அந்த விமானத்தைப் பார்க்கலாம், மற்றவர்களுக்கும் சொல்லலாம். சொல்லும்போது என்னை நல்லவளாக்கிச் சொல்லாதீர்கள். மஞ்சளின் மகிமை என்றும் சொல்லாதீர்கள், அம்மன் பேரைச் சொல்லி நான் தப்பித்ததாகிவிடும். பூசியவர் புளியந்தோப்பு தயாளன், அவர் எதையும் கலக்கவில்லை, தப்பு செய்தவள் பக்கத்திலேயே ஊசியோடு பேசாமல் நின்றாள் என்று, இதே வரிசையில், ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.