பால் பொங்கும் வரை

மேல் வீட்டில் இருந்த சிலி நாட்டுப் பெண் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, என் மகளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தாள். ஒரு பக்கம் ஸ்பானிய மொழி, மறுபக்கம் ஆங்கிலம், நடுவில் படங்கள். நத்தார் இரவில் ஒரு குடும்பம் என்ன சமைக்கும், யார் வருவார்கள், யார் எந்தக் கதிரையில் இருப்பார்கள் என்பதுதான் கதை. மகளுக்கு அப்போது ஆறு வயது. படுக்கையிலும் அதுதான், சாப்பாட்டு மேசையிலும் அதுதான். சனியன் பிடித்த புத்தகம் என்று நான் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

விடுமுறை முடிந்ததும் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். டீச்சருக்குப் பிடித்துப்போய், எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஒன்று செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். தங்கள் வீட்டுப் பண்டிகையைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிப் படம் கீற வேண்டும். பக்கத்தில் தாயோ தகப்பனோ வீட்டு மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அம்மா, பொங்கலுக்கு நாங்கள் என்ன செய்யிறனாங்கள்?" என்று கேட்டாள்.

தைப்பொங்கல் அடுத்த கிழமை. எங்கள் வீட்டில் பொங்குவதா விடுவதா என்பதே முடிவாகவில்லை.

என் கணவரின் தம்பி, லண்டனுக்கு வருவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெளிக்கிட்டவர். அது சண்டைக் காலம். கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. எங்கள் ஆட்களின் வழக்கப்படி, குடும்பத்தில் ஒருவர் செத்தால் வீட்டுக்குத் துடக்கு, தீட்டு. ஒரு வருடம் கழித்து வரும் ஆட்டைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. செத்த நாள் தெரியாமல் ஆட்டையை எண்ணவும் முடியாது. அவர் செத்திருந்து நாங்கள் பொங்கினால் பிழை. உயிரோடு இருக்கிறவருக்குத் துடக்குக் காத்தால் அதைவிடப் பெரிய பிழை, நாங்களே ஆளை முடித்துவிட்ட மாதிரி. போன வருடம் இந்தக் குழப்பத்தில் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லாமல் பொங்காமல் விட்டோம். அன்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் வாய்க்காரி. பயம் வந்தால் இன்னும் கூடப் பேசுவேன். என் கணவர் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முந்தியே தொடங்கிவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை பொங்குவம்."

"ஒரு செய்தி வரட்டும்."

"வராட்டி? பிள்ளை கலியாணம் கட்டிப் போகுமட்டும் இப்பிடியே இருக்கிறதோ?"

"நீர் பேசாமல் இரும். அவன் என்ர தம்பி."

"ஆர் இல்லை எண்டது? பொங்காமல் விட்டா, அவர் செத்திட்டார் எண்டு நாங்கள்தான் சொல்லுறம். அது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் குளிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்தே பேசவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் பச்சையரிசியும் சர்க்கரையும் வாங்கிவந்து குசினி மேசையில் வைத்தார். பிள்ளைக்காகவோ, நான் சொன்னது சுட்டதோ, தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

லண்டன் லூயிஷாமில் தை மாதத்துச் சூரியனை நம்பிப் பொங்க முடியாது. எட்டு மணியாகியும் வெளியே மம்மல் இருட்டாகத்தான் இருந்தது. கேஸ் அடுப்பில் பானையை வைத்தேன். மகள் ஒரு பிடி அரிசியோடு கதிரையில் ஏறி நின்றாள். நான் பாலைப் பார்த்தேன், அவர் போனைப் பார்த்தார்.

பால் நுரைத்து மேலே வரத் தொடங்கிய நேரம் போன் அடித்தது.

காலையில் எங்கள் வீட்டுக்கு யார் அடிப்பார்கள்? ஊர்ச் செய்தியாகத்தான் இருக்கும். கெட்ட செய்தி என்றால் காதில் விழுந்த கணமே துடக்கு. பானையை இறக்க வேண்டும், பிள்ளை கையிலிருக்கும் அரிசியைத் திரும்ப வாங்க வேண்டும். காதில் விழாதவரை துடக்கு இல்லை.

"அப்பா, போன்" என்றாள் மகள்.

"பால் பொங்கட்டும். பிறகு எடுப்பம்." அவர் கண்ணைப் போனிலிருந்து பானைக்குத் திருப்பினார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நுரை விளிம்புவரை வந்து அப்படியே நின்றது. நான் அடுப்பைக் கூட்டினேன். முருகா, பொங்கிவிடு, பொங்கிவிடு என்று மனதுக்குள் கத்தினேன். பொங்கி அடுப்பில் வழிந்தது. மகள் அரிசியைப் போட்டாள். அவர் ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

அவருடைய மேனேஜர். ஷிப்டுக்கு ஒரு ஆள் வரவில்லையாம், வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

என் கணவர் போனை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். நானும் அழுதேன். மகள் மட்டும் சந்தோஷமாகப் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அவள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தில் பானை, ஒன்றில் சூரியன், ஒன்றில் அரிசி. கடைசிப் பக்கத்தில் போன் கீறியிருந்தாள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், 'பொங்கல் அன்று போன் அடித்தால் பால் பொங்கும்வரை ஒருவரும் எடுக்கக் கூடாது' என்று எழுதியிருந்தாள்.

"அம்மா, தமிழில எழுதித் தாங்கோ."

இது வழக்கம் இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்று வாசித்த அவர், "எழுதும். இனி இதுதான் எங்கட வழக்கம்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அவருடைய தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. மகள் இப்போது குரோய்டனில் தன் வீட்டில் பொங்குகிறாள். பொங்கல் அன்று காலையில் நான் அழைத்தால் போன் அடித்துக்கொண்டே கிடக்கும். பால் இன்னும் பொங்கவில்லை என்று நானும் வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பேன்.