கையுறையோடு நீட்டிய கை

இன்று வலங்கைமான் சாலையில், நடவு முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்த ஓர் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டேன்.

"பொம்பள ஓட்டுற கார்ல இப்பதான் ஏறுறேன். பயமெல்லாம் இல்ல தங்கச்சி, நீ மெதுவாவே போ" என்று வழியெல்லாம் கிண்டல்.

கும்பகோணத்தில் இறங்கும்போது மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்து நீட்டினார். கை கறுக்காமலிருக்க நான் மாட்டியிருந்த கையுறையோடே வாங்கப் போனேன்.

அதைப் பார்த்தவர், பழத்தை சீட்டில் வைத்துவிட்டார். அதுவரை தங்கச்சி என்றவர், "இங்கயே வெச்சிட்டேம்மா, எடுத்துக்குங்க" என்றார்.

உறையைக் கழற்றுவதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

என் அம்மாவும் நடவுக்குப் போனவர்தான். பண்ணை வீட்டில் யாரும் அவர் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை.

கை கறுத்தால் அப்படி என்னதான் ஆகிவிடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.