பன்னிரண்டாவது ஸ்குரு

பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த கம்ப்யூட்டரை மீட்டு, புது மெமரியும் டிஸ்க்கும் போடச் சொல்லி செங்கம் சாலைக் கடையில் கொடுத்திருந்தேன். கொடுக்கும்போது பெட்டியில் பன்னிரண்டு ஸ்குரு. நேற்று வாங்கப் போனால் பதினொன்று.

"பன்னெண்டாவது எங்கய்யா? திருடி வெச்சிருக்கியா?" என்று கடையில் நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஒண்ணு கம்மியானா ஓடாதா சார்?" என்று மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். பெட்டி உயிர்த்தது. சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் வாசனை அது.

அப்போது எனக்கு எட்டு வயது. பழுது பார்த்து வந்த ரேடியோவின் முதுகில் ஒரு பித்தளை ஸ்குரு இல்லை. ரேடியோக்காரரைத் தேரடி வீதியில் நிறுத்தி, "திருட்டுப்பயலே" என்று அப்பா திட்டினார். "நான் எடுக்கலீங்க" என்று அவர் மூன்று முறை சொன்னார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஸ்குரு என் டிராயர் பையில் இருந்தது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு நான்தான் கழற்றியிருந்தேன். அதன்பின் எங்கள் தெருவில் யாரும் அவரிடம் ரேடியோ கொடுக்கவில்லை. வாயைத் திறக்காமல் நின்ற அந்த எட்டு வயதுப் பயலை இன்றும் அறையத் தோன்றுகிறது.

"நான் எடுக்கலீங்க சார்" என்றார் மெக்கானிக்.

திட்டிய அதே சத்தத்தில், நான்கு பேரையும் பார்த்து, "இவர் எடுக்கல!" என்றேன்.

"அதுக்கும் கத்தணுமா சார்?" என்றார் அவர்.